குணசீலன் அளவுகோல்

முதல் கேள்வியிலேயே வடிவின் பேனா நின்றுவிட்டது. என் கணவர் என் உணர்வுகளை மதிக்கிறார். எப்போதும், அடிக்கடி, சில நேரம், அரிதாக, ஒருபோதும் இல்லை. ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போவதற்கு இவ்வளவு யோசனையா என்றுதான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஹெப்சிபாவுக்குத் தோன்றும். பாவம், அவள் குடும்பநல கோர்ட்டின் கவுன்சிலர், எத்தனையோ பெண்கள் இதே நாற்காலியில் மூக்கைச் சிந்திக்கொண்டு இதே தாளை நிரப்புவதைப் பார்த்தவள், ஆனால் இந்த வாக்கியத்தை எழுதியதே வடிவுதான் என்று அவளுக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில், அவர் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து, என் துணைவர் எனது உணர்ச்சிகளின்பால் மதிப்புணர்வு கொண்டுள்ளார் என்று எழுதி வைத்திருந்ததை, "இப்படி எந்த வீட்டுலங்க பேசுதாங்க?" என்று கேட்டு, ஒரு கண் பாலிலும் ஒரு கண் தாளிலுமாக அடுப்படியில் நின்றபடி அவள் மாற்றிக் கொடுத்தது. மதிக்கிறார். எழுதும்போது அது ஒரு சொல், அவ்வளவுதான், இன்றைக்குக் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. தாளின் அடியில் பொடி எழுத்தில், மணவாழ்வு நிறைவு அளவுகோல், முனைவர் அ. குணசீலன். காலேஜிலும் ஆஸ்பத்திரியிலும் அதைக் குணசீலன் அளவுகோல் என்றே சொல்வார்கள், ஏதோ தெர்மாமீட்டர் மாதிரி. அந்தக் குணசீலன் இதோ, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், கால் மேல் கால் போட்டுக்கொண்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கல்யாணம் போதும், விவாகரத்துக் கொடுங்கள் என்று வடிவு மனுப் போட்டிருப்பது அவர் மேல்தான்.

அவர் வெளியே வராந்தா பெஞ்சில்தான் இருந்தார். ஹெப்சிபாதான், "சார், வெக்கையா இருக்கே, உள்ள வந்து ஃபேனுக்கு அடில இருங்க சார்" என்று பதறிப்போய் அழைத்துவந்தாள், வந்த கையோடு டீ சொன்னாள், நான் உங்க வொர்க்‌ஷாப்ல சர்ட்டிஃபிகேட் வாங்கினவ சார், தமிழ்ல எங்களுக்கு இது ஒண்ணுதான் சார் இருக்கு என்று உருகினாள், அவர் அடக்கமாகச் சிரித்தார், மேடையில் பொன்னாடை போர்த்தும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. பிறகு வடிவிடம் திரும்பி, "மனசுல உள்ளத அப்படியே போடுங்கம்மா, ஏதும் புரியலன்னா சார் பக்கத்துலதான இருக்காங்க, கேட்டுக்கிடுங்க" என்றாள். கேட்டுக்கிடணுமாம். என்னங்க, நீங்க என்னை மதிக்கிறீங்களா இல்லையா, எந்தக் கட்டத்துல போடட்டும்? சிரிப்பு வந்தது. இந்தத் தாளைக் கூட்டிப் பார்த்து ஹெப்சிபா ஒரு ரிப்போர்ட் எழுதுவாள், அது ஜட்ஜம்மா மேஜைக்குப் போகும். இனிச் சேர்ந்து வாழ வழியில்லை என்று எழுதினால் வழக்கு நகரும். வழி இருக்கிறது என்று எழுதினால், கொஞ்ச நாள் வீட்டோட போய் இருந்து பாரும்மா என்பார்கள். கொஞ்ச நாள் என்றால் என்னவென்று வடிவுக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அந்த மாத்திரை டப்பா, அதை விழுங்கியதும் வருகிற அந்தத் தூக்கம், பகலா ராத்திரியா என்று தெரியாத, நாக்கு தடித்துப்போகிற தூக்கம், எழுந்தால் அடுத்த மாத்திரைக்குத் தண்ணீர் டம்ளருடன் அவர். ஒருதரம் அதிலிருந்து எழுந்து நடந்து லேடீஸ் ஹாஸ்டல் வரைக்கும் வந்தாயிற்று, ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துச் சாப்பிடுகிறாள், இன்னொரு தரம் உள்ளே போனால் எழுந்து வருகிற தெம்பு உடம்பில் இல்லை. அது மட்டும் நிச்சயமாகத் தெரியும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவருக்குத் தாளைப் படிக்க வேண்டும் என்றுகூட இல்லை, இடது ஓரம் எப்போதும், வலது ஓரம் ஒருபோதும் இல்லை, கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதிலேயே கண்டுபிடித்துவிடுவார். வடிவு இடது உள்ளங்கையைக் கவிழ்த்து, பரீட்சையில் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டாமல் எழுதுவதுபோல் மறைத்துக்கொண்டாள்.

புருஷன் பக்கத்தில் இருக்க இந்தத் தாளை நிரப்புவது ஒன்றும் உலகத்தில் இல்லாத அதிசயம் இல்லை, அப்படித்தான் இது பிறந்ததே. அவருக்கு அப்போது டாக்டர் பட்டத்துக்குப் பெண்கள் வேண்டியிருந்தது, கல்யாணமான பெண்கள், நூற்றுக்கணக்கில். ஆம்பிளை போய்க் கதவைத் தட்டினால் எவள் வந்து தன் மணவாழ்வு பற்றிச் சொல்வாள், அதனால் ஸ்கூட்டருக்குப் பின்னால் புதுப் பெண்டாட்டியை உட்கார வைத்துக்கொண்டு சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர் என்று ஞாயிறு ஞாயிறாகச் சுற்றினார். அவர் வாசலில் ஆம்பிளைகளோடு பேசிக்கொண்டிருக்க, வடிவு உள்ளே போய் உட்கார்ந்து தாளை நீட்டுவாள். பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது, வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும் பேனாவைப் பிடிக்கக் கூச்சம், நீங்களே வாசிங்கக்கா என்பார்கள். அவள் வாசிப்பாள். கட்டிலில் புருஷன்காரன் பனியனோடு படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான், நிலைப்படியில் மாமியார் வந்து நின்று, "ஏட்டி, என்ன கேக்காவ?" என்பாள், அந்தப் பெண் முதலில் கட்டிலைப் பார்ப்பாள், அப்புறம் நிலைப்படியைப் பார்ப்பாள், அப்புறம் வடிவைப் பார்த்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா, நீங்களே நல்லதாப் பாத்துப் போட்டுக்கிடுங்க" என்பாள். நல்லதாப் பார்த்து. ஒருத்தி இல்லை இரண்டு பேர் இல்லை, போன வீட்டிலெல்லாம் இதே வாக்கியம், சொல்லி வைத்த மாதிரி. வடிவும் போட்டாள். எப்போதும், எப்போதும், எப்போதும், இடது ஓரத்தில் மேலிருந்து கீழே கோலப்புள்ளி வைத்த மாதிரி நேராக இறங்கும் டிக்குகள். புளியங்குடியில் ஒருத்தி, எலுமிச்சங்காய் மூட்டைகளுக்கு நடுவே நடத்திக்கொண்டு போய்ப் பின்கட்டில் முருங்கை காய்த்திருப்பதைக் காட்டுகிற சாக்கில், "அம்மா வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வரட்டுமான்னு கேட்டேன் அக்கா, அதுக்கப்புறம் எங்கூடப் பேச்சே கிடையாது, கை சாடையிலதான் சோறு கேக்காவ, இதுக்கு அதுல கட்டம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு உடனே, "வேண்டாம், போட்ராதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அதை அவரிடம் சொன்னதற்கு, காற்றில் பாதி கேட்டும் கேட்காமலும், "தாள்ல என்ன இருக்கோ அதுதான் டேட்டா வடிவு, பின்கட்டுல சொல்லுததெல்லாம் கதை" என்றார். அவள் அதையும் கெட்டிக்காரப் பேச்சு என்று ரசித்தாள். ரசித்தாள்தானே, அதை நினைத்தால்தான் தன் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஹெப்சிபா தலையைத் தூக்கிப் பார்த்தாள். வடிவு அவசரமாக முதல் கேள்விக்கு, அரிதாக என்பதில் டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். என் கணவரிடம் எதையும் மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. இதையெல்லாம் திரும்பவும் கேட்டார்கள், இரண்டு வாரம் கழித்து அதே வீடுகளுக்கே போய். ஒரு அளவுகோல் நம்பகமானதா என்று பார்க்க அதே ஆளிடம் அதையே இன்னொரு முறை கேட்டு, இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டுமாம், அது ஒரு முறை. அந்தப் பெண்கள் வடிவைப் பார்த்ததும் கலவரப்பட்டார்கள், போன தடவை ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா அக்கா என்றார்கள், "நான் போன வாட்டி என்ன சொன்னேனோ அதையே போட்டுருங்க" என்றார்கள். அவளும் அதையே போட்டாள், அதே நேர்கோடு. கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போனது, இந்தியாவிலேயே இவ்வளவு நம்பகமான அளவுகோல் கிடையாது என்று அவருடைய கைடு தோளைத் தட்டினார். அன்றைக்கு அவர் அல்வா வாங்கி வந்தார். வாழையிலைத் துண்டில் சூடாக, நெய் கையில் வடிய அவளுக்கு ஊட்டிவிட்டார், ஆமாம், ஊட்டித்தான் விட்டார், நீ இல்லன்னா இது நடந்திருக்காது வடிவு என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் ஓட்டினாள். முன்னுரையில் கைடுக்கு நன்றி, துறைத் தலைவருக்கு நன்றி, கம்ப்யூட்டர் சென்டருக்கு நன்றி. அத்தனை தாளையும் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றியவள் அவள், எந்தக் கட்டத்துக்கு எந்த மதிப்பெண், எப்படிக் கூட்ட வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள், அவள் பேர் எங்கேயும் இல்லை. பேர் கிடக்கிறது, பேரை வைத்து என்ன செய்ய. ஆனால் இப்போது இந்தத் தாளில் எங்கே கை வைத்தாலும் கூடவே எண் வந்து விழுகிறது, அரிதாக என்றால் இவ்வளவு, சில நேரம் என்றால் இவ்வளவு, மனசில் உள்ளதைத் தேடிப் போனால் மதிப்பெண்தான் கிடைக்கிறது.

அந்த எண்ணை வைத்துத்தான் ஒருநாள் சாயங்காலம் அவளை அளந்தார். அதற்கு முன்னால் பல வருஷமாக அவள் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான், அது வெறும் செல்ஃப் ரிப்போர்ட் வடிவு, உன்னப் பத்தி நீயே சொல்லிக்கிடுதது. தலை வலிக்கிறது என்றால் செல்ஃப் ரிப்போர்ட், உங்க அக்கா பேசினது எனக்குச் சங்கடமா இருந்தது என்றால் செல்ஃப் ரிப்போர்ட், மனுஷனுக்குத் தன் மனசு தனக்கே தெரியாது, தெரிந்ததாக நினைத்துச் சொல்வான், அவ்வளவுதான் என்பார், வகுப்பு எடுக்கிற குரலில், இட்லியைப் பிட்டுக்கொண்டே. அப்படியானால் ஊரெல்லாம் போய்க் கேட்டு வந்தோமே அது என்ன என்று ஒருதரம் கேட்டதற்கு, அது ஸ்டாண்டர்டைஸ்டு, எல்லாருக்கும் பொதுவா அளந்து வச்சது என்றார். சரிதான். அந்தச் சாயங்காலம், எனக்கு இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று அவள் முதல் தடவையாகச் சொன்னாள். சண்டை போடவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை, துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அவர் எழுந்து போய் இந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார், பேனாவும் மூடி கழற்றிக் கொடுத்தார். அசடு மாதிரி அவள் உண்மையைப் போட்டாள். அவர் கூட்டினார், அட்டவணையைப் பார்த்தார், பிறகு அவளுடைய அண்ணனை வரவழைத்து, சாப்பாட்டு மேஜையில் அப்பளத்தை ஒதுக்கி வைத்துவிட்டு விளக்கினார், "நூறு பொண்டாட்டிகள வரிசையா நிப்பாட்டினா, இவ கடைசி ரெண்டு பேருல நிக்கா மச்சான். மத்த தொண்ணூத்தெட்டு பேருக்கு வராத கஷ்டம் இவளுக்கு மட்டும் வருதுன்னா, கோளாறு குடும்பத்துலயா இருக்கு?" அண்ணன் அந்தத் தாளை மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோல் பயந்து பார்த்தார். அந்தத் தொண்ணூற்றெட்டு பேரும் யார், வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே வடிவு, அண்ணே அவளுக எல்லாரையும் நான்தான் ஒரு பேனாவால் சந்தோஷப்படுத்தினேன் என்று. வாய் வரவில்லை. சொன்னால் அவருடைய பட்டம், வேலை, மரியாதை எல்லாம் போய்விடுமே என்று அப்போதும் அவருக்காகத்தான் யோசித்தது புத்தி. அடுத்த வாரமே அவருக்குத் தெரிந்த டாக்டர், மாத்திரை, தூக்கம். நல்லதாப் பாத்துப் போட்டுக்கிடுங்க. அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அன்றைக்கு இரவு சோறு இறங்க வேண்டுமே அவர்களுக்கு. வடிவுக்கு இப்போது யார் மேலே கோபப்படுவது என்றுகூடத் தெளிவாகத் தெரியவில்லை, கோபம் மட்டும் சுடச்சுட இருக்கிறது.

பேனா ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் என் கருத்தைக் கேட்டு முடிவெடுப்பார், ஒருபோதும் இல்லை. என் பிறந்த வீட்டாரை மதிப்பார், சில நேரம். நான் நோயுற்றிருக்கும்போது என் கணவர் என்னைக் கவனித்துக்கொள்வார். இங்கே மறுபடி மாட்டிக்கொண்டது. முன்பொரு நாள் இரவு அடிவயிற்றில் குத்தல் எடுத்தபோது அவர் விளக்கைப் போட்டு உட்கார்ந்து, "பத்துக்கு எவ்வளவு சொல்லு" என்றார். எட்டு என்றாள். உன் எட்டு மத்தவங்களுக்கு நாலு, தூங்கு, காலைல பாப்போம் என்று விளக்கை அணைத்தார். ஒன்பது என்று சொல்லியிருக்க வேண்டுமோ, பத்து என்று கத்தியிருந்தால் கிளம்பியிருப்பாரோ, இருட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். விடிகிறபோது குடல்வால் வெடித்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் அவர் இருந்த இருப்பு இருக்கிறதே, அதையும் பொய் என்று சொல்ல முடியாது. பெட் பேன் வைத்தார், எடுத்தார், முகம் சுளிக்கவில்லை. கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கரண்டியால் ஊட்டினார், நைட்டியை அவரே அலசிப் பிழிந்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டார், நர்ஸ்கள் இப்படி ஒரு மனுஷனா என்று பேசிக்கொண்டார்கள். அது அன்புதான். அதை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். வலிக்கிறது என்றால் நம்பமாட்டார், வெடித்த பிறகு விழுந்து விழுந்து கவனிப்பார், இந்த மனுஷனுக்கு எந்தக் கட்டம்? எப்போதும் என்று போட்டால் கூட்டுத்தொகை ஏறும், ஒருபோதும் இல்லை என்று போட்டால் பொய். வலது ஓரத்தில் போடடி, போட்டுவிட்டு வெளியே போ, உயிர் பிழைக்கிற வழியைப் பார், யார் கேட்கப்போகிறார்கள். கை வலது பக்கம் போனது. அங்கேயே நின்றது. இத்தனை வருஷம் எல்லாருக்கும் நல்லதாப் பார்த்துப் போட்ட கைக்கு, தனக்காக ஒரே ஒரு பொய் போட வரவில்லை, என்ன ஜென்மமோ. எப்போதும் என்பதில் டிக் அடித்தாள். கண்ணில் நீர் முட்டியதை, அவர் பார்க்கிறார் என்பதற்காகவே உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கடைசியில் வருவதெல்லாம் பொய் பிடிக்கிற கேள்விகள், அவள் எதிர்பார்த்ததுதான். நான் என் கணவர் மேல் ஒருமுறைகூடக் கோபப்பட்டதில்லை. ஆளைப் பிடிக்க வைத்த கண்ணி, எப்போதும் என்று போடுகிறவள் தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்கிறாள் என்று அர்த்தம், தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். ஊர்ஊராகப் போனபோது இந்தக் கேள்விகளில் மட்டும் அவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார், எல்லாரும் மாட்டிக்கொண்டால் எனக்குத் தாளே மிஞ்சாது வடிவு, இதுகள்ல மட்டும் சில நேரம்னு போட்டுரு என்று. கோபம் இருக்கிறது, நிறைய இருக்கிறது, இப்போது இந்த நிமிஷம் கழுத்து நரம்பில் துடிக்கிறது, அதைச் சொல்லிவிட்டாள், ஒளிக்காமல், எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி. இந்த அளவுகோலுக்கு உண்மையான பதில் எழுதிய பெண் அநேகமாகத் தான் ஒருத்தியாகத்தான் இருப்போம் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் ஒரு மாதிரி லேசாகியது. காய்ச்சல் விட்ட மாதிரி. தாளை ஹெப்சிபா பக்கம் நகர்த்தினாள். அவர் டீயின் கடைசி வாயைக் குடித்து டம்ளரை ஓசைப்படாமல் வைத்தார்.

ஹெப்சிபா கூட்டினாள், உதடு அசைய அசைய. கூட்டி முடித்து, மறுபடி ஒருதரம் மேலிருந்து பார்த்தாள், முகம் மாறியது. "ரொம்பக் கம்மியா இருக்கேம்மா" என்றாள் மெதுவாக, அந்தக் குரலில் இரக்கம் இருந்தது. வடிவு மனசுக்குள் கெஞ்சினாள். எழுது, எழுதிவிடு தாயே, வழியில்லை என்று ஒரு வரி. ஹெப்சிபா ரிப்போர்ட் தாளை இழுத்தாள்.

"ஹெப்சிபா, ஒரு சின்ன விஷயம்" என்றார் அவர். குரல் அவ்வளவு மென்மை. "எனக்குச் சொல்லவே சங்கடமாத்தான் இருக்கு. இந்த ஸ்கேலுக்கு டேட்டா என்ட்ரி பண்ணினது இவங்கதான். ஸ்கோரிங் எல்லாம் மனப்பாடம். நீங்க மேனுவல்ல பாத்திருப்பீங்களே."

ஹெப்சிபா மேனுவலைப் புரட்டினாள். விரலை வைத்து வாசித்தாள். "ஆமா சார். மதிப்பெண் முறை அறிந்தவர் தரும் பதில் செல்லாதுன்னு போட்டிருக்கு." வடிவைப் பார்த்தாள், நிஜமாகவே வருத்தப்பட்டாள். "மன்னிச்சிருங்கம்மா. இத நான் சேக்க முடியாது. இந்த மாதிரி சமயத்துக்குத் துணைவர் மதிப்பீடுன்னு ஒண்ணு இருக்கு. உங்களுக்கு எப்படி இருக்குன்னு உங்களப் பத்தி சார் போடுவாங்க. அத வச்சு நான் ரிப்போர்ட் எழுதிருவேன்."

"அவருக்கும்தான் தெரியும்" என்றாள் வடிவு. "எந்தக் கட்டத்துக்கு என்ன மார்க்குன்னு அவருக்குத் தெரியாதா?"

"அவங்க அதச் செஞ்சவங்கம்மா" என்றாள் ஹெப்சிபா, குழந்தைக்குச் சொல்வதுபோல்.

வடிவு எழுந்து நின்றாள். "நான் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன். செத்தாலும் போக மாட்டேன். வாயத் திறந்து சொல்லுதேன். இத எங்க எழுதுவீங்க?"

ஹெப்சிபா ரிப்போர்ட் தாளை ஒருதரம் புரட்டினாள். உதவிக்கு அவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, துணைவர் மதிப்பீட்டுத் தாளை இழுத்து ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்தார்.